சிபியு பெட்டிக்குள் நான்கு சீட்டுகள்

“ஜூன் 11, செவ்வாய். தூசி எடுத்தது. சார்: குறைந்தது. அம்மா: நாலு.”

“ஜூன் 14, வெள்ளி. பேஸ்ட் மாற்றியது. சார்: நன்றாகக் குறைந்தது. அம்மா: நாலு.”

“ஜூன் 20, வியாழன். புது ஃபேன் போட்டது. சார்: பரவாயில்லை. அம்மா: அஞ்சு. பழைய ஃபேனே மாட்டியது.”

“ஜூலை 2, செவ்வாய். சென்சார் ஒயர் அறுந்துள்ளது. மாற்றவில்லை. அம்மா போதும் என்றார்கள்.”

இந்த நான்கு சீட்டுகளும் என் பழைய கம்ப்யூட்டரின் சிபியு பெட்டிக்குள், பக்கவாட்டுத் தகட்டின் உட்புறம், ஒன்றன்கீழ் ஒன்றாக செல்லோடேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. கோடு போட்ட சிறு குறிப்பேட்டிலிருந்து கிழித்தவை. நீல பால்பாயிண்ட். எழுதியவர் காட்டூரிலிருந்து பழுது பார்க்க வந்தவர். ‘சார்’ என்பது நான். ‘அம்மா’ என்பது என் மனைவி.

நான்காவது சீட்டின் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஜனவரி 19 காலை என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. புரட்டாசி முதல் நாள் ஆசார்யன் திருவடி அடைந்தாள். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்ததாக என் நாட்குறிப்பில் இல்லை. நான் நாட்குறிப்பை ஒரு நாளும் விட்டவன் அல்ல. எங்கள் வீதியில் எந்த வீடு எப்போது இடிபட்டு அடுக்குமாடி ஆனது, காவிரியில் எந்த நாள் தண்ணீர் வந்தது, மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது என்பதெல்லாம் தேதியோடு இருக்கிறது. அவள் பேசியது இல்லை. ஆனால் ‘என்றார்கள்’ என்று அவர் எழுதியிருக்கிறார். அது உண்மையானால் அவளுடைய கடைசிச் சொல் அதுதான். அது சொல்லப்பட்டபோது நான் வீட்டில் இல்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வீடு தள்ளி இருக்கும் வரி ஆலோசகர்தான் எண்ணைக் கொடுத்தார். நான் கைப்பேசியில் ‘கம்ப்யூட்டர் காட்டூர்’ என்று பதிந்துகொண்டேன். எண்ணைக் கொடுக்கும்போது வரி ஆலோசகர், போன் செய்ய வேண்டாம், மெசேஜ் அனுப்பினால் போதும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் முதுகுப் பை. அதற்குள் ஸ்க்ரூ டிரைவர்கள், பிரஷ், முடி உலர்த்தும் கருவியைப் போன்ற ஒரு ப்ளோயர். முதல் நாள் உள்ளே வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார். நான் பேசப் பேச உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலை போட்டவன் வாயைப் பார்ப்பதைப் போல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருமுறை துடைத்துக்கூடக் கொண்டேன்.

“சார், துடைக்காதீங்க. கை மறைக்குது. எனக்குக் காது கேக்காதுங்க. வாயைப் பாத்துத்தான் புரிஞ்சிக்கிறேன்.”

இதை அவர் எந்தக் குறையும் இல்லாமல், மழை வரும்போல் இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருடம் கிரைண்டிங் வேலை. முதலில் பறவைச் சத்தம் போனது, பிறகு பெண்களின் குரல் போனது, பிறகு எல்லாம். கிரைண்டர் பிடித்துப் பிடித்து விரல் நுனிகளும் மரத்துப் போய்விட்டன. ஆளைக் குறைத்தபோது வெளியே வந்து கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டார்.

ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று கூப்பிட்டால் சத்தமே கேட்காத ஒருவரை அனுப்பியிருக்கிறார்களே என்று நினைத்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

“சத்தத்தைச் சொல்றதுக்கு வீட்ல ஆள் இருக்குல்லங்க. நான் காரணத்தைப் பாத்துக்குறேன்.”

அவர் அதிர்வைப் பார்த்த விதம் எனக்கு ஒப்பவில்லை. கையில் உணர்ச்சி இல்லாததால், வெறுங்காலின் உள்ளங்காலைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் என் மனைவி சந்தனமும் குங்குமமும் இட்ட பெட்டி அது. காலை எடுத்த உடனே குனிந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பவும் காலை வைத்தார். திரும்பவும் ஒற்றிக்கொண்டார். அன்று ஏழு முறை. கட்டிலில் இருந்த என் மனைவி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயின் இடது ஓரம் அசைந்தது. சிரித்தாள் என்று எழுதலாமா என்று யோசித்து, ‘வாயின் இடது ஓரம் அசைந்தது’ என்றே எழுதி வைத்தேன்.

கட்டில் கூடத்தில் இருந்தது. படுக்கையறைக்குள் ஆஸ்பத்திரிக் கட்டில் நுழையவில்லை. கம்ப்யூட்டர் மேஜையும் கூடத்தில்தான், அடுக்களை வாசலையொட்டி. மே மாதக் கடைசியில் ஃபேன் திடீரென்று முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. பொத்தானை அழுத்தியது முதல் அணைக்கும்வரை ஒரே இரைச்சல். அது கேட்டதும் அவள் இடது கை படுக்கை விரிப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஆளைக் கூப்பிட்டேன். பெங்களூரில் இருக்கும் மகள், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். பதினான்கு வருடக் குறிப்புகள் அதில் இருப்பதைச் சொன்னேன். “அது ஒரு பென் டிரைவ் காரியம்ப்பா” என்றாள். அவள் சொன்னது சரிதான்.

காற்றின் வேகத்தைப் பார்க்க அவருக்கு ஒரு மெல்லிய தாள் வேண்டியிருந்தது. சுவரில் இருந்த தினசரிக் காலண்டரில் முந்தைய நாளின் தாளைக் கிழித்துக் கொடுங்கள் என்றார். நான் அந்தத் தாள்களைக் கிழித்துப் போடுவதில்லை. மடித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் அன்றைய செய்தியை எழுதி, மாதக்கட்டாகக் கட்டி வைப்பவன். தர முடியாது என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், பிறகு பேருந்து டிக்கெட்டை எடுத்து ஃபேன் துவாரத்துக்கு முன்னால் பிடித்தார். அது கிடைமட்டமாகப் பறந்தது.

“டிக்கெட்டும் கிழிச்ச தாள்தான் சார். தேதி நேத்து ஆனா என்ன, இன்னைக்கு ஆனா என்ன.”

பெட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தூசி ஊதினார். திரும்பக் கொண்டுவந்து மாட்டி, பொத்தானை அழுத்தினார். எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். ஒருவர் ஒரு மணி நேரம் தூசியில் நின்றிருக்கிறார். குறைந்திருக்கிறது என்றேன். அவர் கட்டில் பக்கம் திரும்பினார்.

“அம்மா, உங்களுக்கு எப்படி இருக்கு?”

“அவளால பேச முடியாது. குறைஞ்சிருக்குன்னு நான்தான் சொல்றேனே.”

“நீங்க உங்களுக்குச் சொல்லிட்டீங்க. அவங்க அவங்களுக்குச் சொல்லட்டும்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். முதலில் இருந்த சத்தம் அஞ்சு விரல், சத்தமே இல்லை என்றால் மூடின கை, இப்போது எத்தனை என்று கேட்டார். அவள் இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தாள். கட்டை விரலை மடக்கி, மற்ற நாலையும் காட்டினாள்.

ஐந்து மாதத்தில் அவள் ஒரு கேள்விக்குச் சொன்ன முதல் பதில் அது. டாக்டர் ஜனவரியிலேயே சொல்லியிருந்தார்: ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரிக் கேளுங்கள், ஒருவேளை சொல் வரலாம், வந்தாலும் அது அவர் நினைத்த சொல்லாக இல்லாமல் போகலாம். நான் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பதை விட்டுவிட்டேன். அவள் பசியை, அவள் வலியை, அவள் தூக்கத்தை எல்லாம் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் சீட்டில் இரண்டு பதில்களையும் எழுதி உள்ளே ஒட்டினார். அன்றைய என் நாட்குறிப்பில் ‘ஃபேன் சத்தம் குறைந்தது’ என்று இருக்கிறது. அது தவறு. நாலுதான்.

அன்று மாலையே நானும் ஸ்டூலில் உட்கார்ந்து, தலைவலி எத்தனை விரல் என்று அவளைக் கேட்டேன். கையை எடுக்கவில்லை. அடுத்த மூன்று நாட்களில் பன்னிரண்டு முறை கேட்டதாகக் குறிப்பு இருக்கிறது. ஒரு முறையும் எடுக்கவில்லை. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

ஒரு நாளில் ஒரு மாற்றம்தான் செய்வார். அது அவருடைய பிடிவாதம். தூசி எடுத்த அன்றே பேஸ்டையும் மாற்றிவிடலாமே என்று நான் கேட்டதற்கு, இரண்டையும் சேர்த்துச் செய்தால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றார். மன்னார்புரத்தில் ஓர் அலுவலகத்தில் இப்படிப் பதினொரு நாள் போய் வந்திருக்கிறார். அங்கே வரவேற்பு மேஜையில் இருந்த பெண், வாயையே முறைத்துப் பார்க்கிறார் என்று புகார் செய்துவிட்டாள். மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். மேலாளர் கண்டித்ததையும் இவர் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். இதைச் சொல்லிவிட்டு அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். மறுநாள் அந்தப் பெண்ணே கூப்பிட்டு, காது கேட்காது என்று முதலிலேயே சொல்லக்கூடாதா என்று திட்டினாளாம்.

எல்லாரும் முகக்கவசம் போட்ட காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“அந்த ரெண்டு வருஷந்தாங்க நான் நெசமாவே செவிடா இருந்தேன்.”

இரண்டாம் முறை வந்தபோது ப்ராசஸரின் மேலிருந்த உலோகப் பாகத்தைக் கழற்றினார். சூட்டைக் கடத்துவதற்காக நடுவில் தடவியிருந்த பேஸ்ட் வெள்ளைப் பொருக்காகக் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதியது தடவினார். எனக்கு நன்றாகவே குறைந்ததாகத் தோன்றியது, அல்லது அப்படித் தோன்ற வேண்டும் என்று விரும்பினேன். அவள் மறுபடியும் நாலு காட்டினாள்.

“சார், உங்க காதைவிட என் காது தேவலாம் போலிருக்கு” என்றார்.

மூன்றாம் முறை புது ஃபேன் கொண்டுவந்து மாட்டினார். அவள் ஐந்து விரலையும் விரித்தாள். மோசமாகிவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. தவறு ஃபேனில் இல்லை என்பது முடிவாகிவிட்டது என்றார். புதியதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பழையதையே மாட்டினார்.

“அம்மா இல்லைன்னா நான் இன்னைக்கு வீணாப் போயிருப்பேன். சார் பரவாயில்லைங்கிறாரு.”

வேலை முடிந்த பிறகும் அன்று அவர் கிளம்பவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் தலையாட்டினார். ஒருமுறை, “ஆமாம்மா, காவேரில இன்னும் தண்ணி வரல” என்றார். நான் மேஜையில் இருந்தேன். தானாகப் பேசிக்கொள்கிறார் என்று நினைத்தேன். வாசல்வரை போனபோது, அவளோடு என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

“அம்மா ஏதோ சொல்லிட்டிருந்தாங்க. கேட்டுக்கிட்டிருந்தேன்.”

நோயாளியை உற்சாகப்படுத்த இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். நாட்குறிப்பில், ‘கம்ப்யூட்டர்காரர் அவளோடு சிறிது நேரம் இருந்தார்’ என்று மட்டும் இருக்கிறது.

ஜூலை 2 காலை பத்து மணிக்கு வந்தார். அன்றுதான் காரணம் தெரிந்தது. இந்த மாதிரிப் பெட்டிகளில் முன்பக்கம் மிளகு அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. உள்ளே எவ்வளவு சூடு என்பதை அதுதான் சொல்கிறது. அதன் ஒயர் இழை இழையாக அறுந்திருந்தது. எலியாக இருக்கலாம், தகட்டில் மாட்டி நசுங்கியிருக்கலாம் என்று நான் சொன்னேன். பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்றார். ஒயர் அறுந்தால் ஃபேன் நிற்கத்தானே வேண்டும், ஏன் அதிகமாக ஓடுகிறது என்று கேட்டேன்.

“சூடு எவ்வளவுன்னு தெரியலன்னா, ரொம்பச் சூடுன்னு வச்சிக்கும் சார். தெரியாதப்ப முழு வேகத்துல ஓட்டிரும். உள்ளார ஜில்லுன்னு இருந்தாலும் ஓட்டும்.”

வேறொரு பழைய பெட்டியிலிருந்து எடுத்த ஒயர் அவர் பையிலேயே இருந்தது. அதை எனக்குக் காட்டினார். அன்று குழாய் வழியாக அவளுக்குக் கொடுக்கும் சத்துமாவு தீர்ந்துவிட்டிருந்தது. உதவிக்கு வரும் பெண்மணி பத்து மணிக்கே போய்விடுவாள். மருந்துக்கடைக்குப் போய் வரும்வரை பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவரைக் கேட்டேன். தலையசைத்தார். 10.40க்குக் கிளம்பி 11.15க்குத் திரும்பினேன். இவை நாட்குறிப்பில் உள்ள நேரங்கள்.

திரும்பியபோது பெட்டி மூடியிருந்தது. ஃபேன் முழு இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டூலில் இருந்தார். எழுந்து, கட்டிலின் கம்பியைத் தொட்டு, “வரேம்மா” என்றார். சத்தம் அப்படியேதானே இருக்கிறது என்று நான் கேட்டேன். இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும் என்றார். ஒயர் பொருந்தவில்லை, வேறு கொண்டுவருவார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சீட்டு ஒட்டியிருப்பார் என்பது தெரியும். திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வரவில்லை. ஜூலையில் மூன்று மெசேஜ் அனுப்பினேன். மூன்றும் போய்ச் சேரவில்லை. ஆகஸ்டில் வேறு ஆளைக் கூப்பிடத் தோன்றவில்லை. கம்ப்யூட்டரை நாளுக்கு அரை மணி நேரம் மட்டும் போட்டேன். அவள் விரிப்பைப் பிடித்தாளா என்று குறிப்பு இல்லை. நான் பார்க்கவில்லை என்பதுதான் பொருள். செப்டம்பர் 17, புரட்டாசி முதல் நாள், காலை 6.20. அந்த வார நாட்குறிப்பில் வந்தவர்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

இந்த ஜனவரியில் போகிக்கு மகள் வந்திருந்தாள். பழையதைக் கழிக்கும் நாளில் இதையும் கழித்துவிட வேண்டும் என்றாள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றுவதற்காகப் பக்கத் தகட்டைத் திறந்தேன். நான்கு சீட்டுகளையும் வரிசையாகப் படித்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, அம்மா பேசினாளா என்று கேட்டாள். தெரியாது என்றேன். பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை.

எட்டு நாள் அந்த வாக்கியத்தோடு இருந்தேன். முதல் மூன்று சீட்டுகளில் அவள் காட்டியதற்கு எண் இருக்கிறது. நான்காவதில் எண் இல்லை, சொல் இருக்கிறது. கை காட்டியதைத்தான் ‘என்றார்கள்’ என்று எழுதியிருப்பாரா? காட்டினால் ‘அம்மா: மூணு’ என்று எழுதுகிறவர் அவர். இன்னொன்று, எங்கள் வீட்டில் ‘போதும்’ என்று சொல்வதில்லை. ‘போறும்’ என்போம். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் ‘போதும்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே இது அவள் சொல் அல்ல, அவராக எழுதியது என்று இரண்டு நாள் முடிவு செய்திருந்தேன். பிறகு அந்த முடிவும் நிற்கவில்லை. காதால் கேட்டவன்தான் த-வையும் ற-வையும் பிரிப்பான். அவர் கேட்டவர் அல்ல. வாயைப் பார்த்தவர்.

அப்போதுதான், ‘ஏதோ சொல்லிட்டிருந்தாங்க’ என்று அவர் வாசலில் சொன்னது வேறு மாதிரி ஆனது. குரல் வராமல் உதடு மட்டும் அசைந்திருந்தால், எங்கள் கூடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் எட்டு மாதமும் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ‘போதும்’ என்பது ஃபேனைப் பற்றி மட்டும் சொல்லக்கூடிய சொல் அல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

ஜனவரி 21, செவ்வாய். சத்திரம் பஸ் நிலையம் போய் அங்கிருந்து துவாக்குடி பஸ் ஏறிக் காட்டூரில் இறங்கினேன். பெயர் தெரியாததால், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், காது கேட்காதவர் என்று ஒரு ஜெராக்ஸ் கடையில் விசாரித்தேன். இரண்டாவது தெருவில் மாடி வீடு என்று வழி சொன்னார்கள். மாடியில் அவர் ஒரு பெட்டியைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து எண் மாறியதை முதலில் சொன்னார். பிறகு கேட்டார்.

“அம்மா எப்படி இருக்காங்க?”

நான் சொன்னேன். அவர் என் உதட்டிலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தார். பார்க்காதபோது அவரோடு பேச முடியாது. அவர் நிமிரும்வரை காத்திருந்தேன். சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். காட்டி, அவள் இதைச் சொன்னாளா என்று கேட்டேன்.

“சொன்னாங்க.”

“குரல் வந்துதா?”

“அது எனக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான்தான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொன்னார். ஒயரை மாட்டுவதற்கு முன்னால், இத்தோடு சரியாகிவிடும் அம்மா, மாட்டட்டுமா என்று கேட்டிருக்கிறார். அவள் விரல் காட்டவில்லை. மேஜைப் பக்கம் பார்த்துக்கொண்டு வாயை அசைத்திருக்கிறாள். இரண்டு முறை. போதும் என்று அவருக்குப் புரிந்தது. எது வேண்டாம் என்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. ஒயரைத் திரும்பப் பையில் வைத்துவிட்டார். வேண்டாம் என்றவர்களின் பொருளில் கை வைப்பதில்லை என்றார்.

எங்கள் வீட்டில் ‘போறும்’ என்று சொல்வோம் என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“சத்தமில்லாம சொல்லிக் காட்டுங்க சார்.”

உதட்டை மட்டும் அசைத்தேன். உற்றுப் பார்த்தார். இதுதான் என்றார். மணி என்ன இருக்கும் என்று கேட்டேன். நான் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து, பதினொன்றாக இருக்கலாம், கோயில் பக்கமிருந்து யாரோ வாசலில் வந்து நின்று போனார்கள் என்றார். வந்தவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு அவள் ஒரு டம்ளர் மோர் குடிப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நேரம் மாறியதில்லை. விழுங்கினால் நெஞ்சுக்குள் போய்விடும் என்று ஜனவரியில் டாக்டர் நிறுத்தியது. அதன் பிறகு நானும் அவள் எதிரில் குடிப்பதில்லை. மேஜை இருந்த திசையில்தான் அடுக்களை வாசலும் இருக்கிறது.

அவர் முகத்துக்கு நேரே, குரலில்லாமல், ‘மோர்’ என்றேன்.

அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு ‘போறும்’ என்று சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன்.

“ப-வும் ம-வும் உதட்டுல ஒண்ணுதாங்க. கடைசியில வாய் மூடினா போறும். மூடலன்னா மோர். அம்மாவுக்கு ஒரு பக்கம் உதடு தொங்கிப் போயிருந்துது. முழுசா மூடாது.” பிறகு, “நான் பாக்காததைச் சொல்லிட்டேன் போலிருக்கு சார்” என்றார்.

அவர் மேல் தவறில்லை என்றேன். வந்து ஒயரை மாட்டித் தருவதாகச் சொன்னார். இப்போது வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாப்வரை கூடவே வந்தார். வழியில் இருவரும் பேசவில்லை. நடந்துகொண்டே வாயைப் பார்க்க அவரால் முடியாது.

அன்றைய நாட்குறிப்பில் உள்ளதை மாற்றாமல் தருகிறேன்:

“சென்ற ஜூலை 2, செவ்வாய், முற்பகல் 11 மணி சுமார். அவள் இரண்டு முறை ஒரு சொல் சொல்லியிருக்கிறாள். போறும், அல்லது மோர். குரல் வந்ததா என்பதும் தெரியாது. அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்றவர் யார் என்று எதிர் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் விசாரித்தேன். யாருக்கும் நினைவில்லை. உறுதி செய்யப்படவில்லை.”